இன்சூரன்ஸ் கிளைம் தகராறு: கோர்ட்டுக்குப் போவதா, பேசி முடிப்பதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளைம் கிடையாது என்று கம்பெனியிடமிருந்து கடிதம் வந்ததும் பலரும் முதலில் தேடுவது வக்கீலை. நான் வக்கீல்தான், அதனால் அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் என்னிடம் வரும்போதே சிலர் ஒரு வழக்கைப் போட்டுவிட்டு வருகிறார்கள். போட்ட அந்த வழக்கினாலேயே, அதைவிடச் சுலபமான ஒரு வழி அவர்களுக்கு அடைபட்டிருக்கும். தமிழ்நாட்டில் பாலிசி வைத்திருப்பவர்கள், விபத்தில் வீட்டாரை இழந்தவர்கள், சிறு தொழில் செய்பவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

கோர்ட்டுக்கு வெளியே என்னென்ன வழிகள் இருக்கின்றன?

கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரி, கம்பெனி மீதான புகார்களை விசாரிக்கும் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன், நுகர்வோர் ஆணையத்தின் சமரசப் பிரிவு, லோக் அதாலத் என்கிற மக்கள் நீதிமன்றம், நிரந்தர மக்கள் நீதிமன்றம், உரிமையியல் வழக்காக இருந்தால் கோர்ட்டோடு இணைந்த சமரச மையம், பெரிய தொழில் பாலிசிகளுக்கு ஆர்பிட்ரேஷன், அதாவது இருதரப்பும் ஏற்கும் நடுவர் முன் விசாரணை. இத்தனையும் எல்லோருக்கும் திறந்தவை அல்ல. உங்கள் வழக்குக்கு இரண்டோ மூன்றோதான் பொருந்தும்.

எது பொருந்தும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கம்பெனி அனுப்பிய கடிதத்தை எடுத்து இன்னொரு முறை படியுங்கள். 'தரவே மாட்டோம்' என்கிறதா, 'இவ்வளவுதான் தருவோம்' என்கிறதா?

சண்டை தொகையைப் பற்றியது என்றால் பேசி முடிப்பதற்கு நிறைய இடம் உண்டு. ஆஸ்பத்திரி பில் 4 லட்சம், கம்பெனி கொடுத்தது 2 லட்சத்து 60 ஆயிரம் என்றால் நடுவில் ஒரு எண்ணில் இருவரும் வந்து நிற்க முடியும். 'பாலிசி எடுக்கும்போதே நோயை மறைத்துவிட்டீர்கள்' என்று முழுதாக மறுத்திருந்தால் பாதி கொடுத்துச் சமாதானம் ஆவது கம்பெனிக்கு வழக்கமில்லை. அங்கே யாராவது ஒருவர் ஆவணங்களைப் பார்த்து 'கொடு' என்று உத்தரவு போட வேண்டும். உத்தரவு போடும் அதிகாரம் ஆம்புட்ஸ்மேனுக்கு உண்டு, நிரந்தர மக்கள் நீதிமன்றத்துக்கு உண்டு. சாதாரண லோக் அதாலத்துக்கும் சமரச மையத்துக்கும் கிடையாது. இதை மட்டும் பிடித்துக்கொண்டால் அலைச்சலில் பாதி குறையும்.

ஆம்புட்ஸ்மேனிடம் யார் போகலாம்?

தனிநபர் பாலிசி, குரூப் பாலிசி, ஒருவரே நடத்தும் தொழிலுக்கும் குறு நிறுவனங்களுக்கும் எடுத்த பாலிசி ஆகியவற்றுக்குப் போகலாம். பாலிசிதாரர் இல்லையென்றால் வாரிசோ நாமினியோ மனு கொடுக்கலாம். கட்டணம் இல்லை. வக்கீலுக்கு அங்கே இடமில்லை, ஏஜென்டுக்கும் இல்லை. சென்னை அலுவலகம் தேனாம்பேட்டையில் அண்ணா சாலையில் இருக்கிறது. தமிழ்நாடு முழுவதும், புதுச்சேரி நகரமும் காரைக்காலும் அதன் எல்லை. ஆன்லைனிலும் மனு கொடுக்கலாம், விசாரணை வீடியோ காலிலும் நடக்கிறது. தென்காசியிலிருந்து ரயிலேறி வரவேண்டிய கட்டாயம் இப்போது இல்லை.

2017ஆம் ஆண்டு விதிகள்தான் இதற்கு அடிப்படை. 30 லட்சமாக இருந்த உச்சவரம்பு 2023 திருத்தத்தில் 50 லட்சம் ஆனது.

முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுத்திருக்க வேண்டும். அவர்கள் மறுத்தாலோ, ஒரு மாதம் பதிலே சொல்லாவிட்டாலோ, சொன்ன பதில் உங்களுக்குத் திருப்தி இல்லையென்றாலோ அதிலிருந்து ஓராண்டுக்குள் ஆம்புட்ஸ்மேனிடம் போக வேண்டும். கால் சென்டரில் பேசியதெல்லாம் புகாராகாது. மெயில் அனுப்புங்கள், புகார் எண் வாங்குங்கள். இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்தின் பீமா பரோசா தளத்திலும், 155255 என்ற எண்ணிலும் புகார் பதியலாம். அந்த ஆணையம் உங்கள் கிளைமைத் தீர்ப்பு சொல்லி முடிக்காது, கம்பெனியைப் பதில் சொல்ல வைக்கும். அதுவரைக்கும் அது உதவி.

இன்னொன்று முக்கியம். அதே விஷயத்துக்கு நுகர்வோர் ஆணையத்திலோ கோர்ட்டிலோ ஆர்பிட்ரேஷனிலோ வழக்கு நிலுவையில் இருந்தால், அல்லது முடிந்துபோயிருந்தால், ஆம்புட்ஸ்மேன் மனுவைத் தொடமாட்டார். மேலே நான் சொன்ன அடைபட்ட வழி இதுதான். ஆம்புட்ஸ்மேனிடம் தோற்றவர் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். அங்கே முதலில் போனவர் இங்கே வர முடியாது.

வக்கீல் இல்லாமல் நான் என்ன பேசுவது?

பேச்சைவிடக் காகிதம் முக்கியம். மருத்துவ கிளைமில் அடிக்கடி நடப்பதைச் சொல்கிறேன்.

ராத்திரி 2 மணிக்கு நெஞ்சுவலி. வீட்டில் இருப்பவர்கள் பதறிக்கொண்டு காஷுவாலிட்டிக்கு ஓடுகிறார்கள். டியூட்டி டாக்டர் 'சுகர் இருக்கா?' என்று கேட்கிறார். கூட வந்த மச்சானோ மருமகளோ 'ஆமா டாக்டர், ரொம்ப வருஷமா இருக்கு' என்கிறார்கள். 'ரொம்ப வருஷம்' என்பது கேஸ் ஷீட்டில் '10 வருடம்' என்று ஏறிவிடுகிறது. அதையே பார்த்து டிஸ்சார்ஜ் சம்மரியிலும் டைப் அடிக்கிறார்கள். பாலிசி எடுத்து 4 வருடம்தான் ஆகிறது. 'முன்பே இருந்த நோயை மறைத்தீர்கள்' என்று கிளைம் போய்விட்டது. என் சொந்தத்திலேயே இது நடந்தது. சுகர் இருப்பது முதன்முதலில் தெரிந்தது பாலிசி எடுத்து இரண்டு வருடம் கழித்து. அதற்கான லேப் ரிப்போர்ட் பீரோவில் துணிக்கு அடியில் கிடந்தது. யாரும் தேடவில்லை.

ஆம்புட்ஸ்மேன் முன்னால் வைக்க வேண்டியது அந்த லேப் ரிப்போர்ட்டும், 'நோயின் காலம் உடன் வந்தவர் சொன்னதை வைத்து எழுதப்பட்டது' என்று சிகிச்சை கொடுத்த டாக்டர் தரும் சான்றும்தான். கூடவே பாலிசிக்கு நீங்கள் கையெழுத்துப் போட்ட முன்மொழிவுப் படிவத்தின் நகலைக் கம்பெனியிடம் கேட்டு வாங்குங்கள். அதில் ஏஜென்டே எல்லாக் கட்டத்திலும் 'இல்லை' என்று டிக் அடித்திருப்பதைப் பலர் அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்க்கிறார்கள்.

இரண்டு எண்களையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஆயுள் பாலிசி 3 ஆண்டைக் கடந்துவிட்டால் எந்தக் காரணத்தைச் சொல்லியும் அதைக் கேள்வி கேட்க முடியாது. இன்சூரன்ஸ் சட்டத்தின் 45ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. மருத்துவ பாலிசியில் 60 மாதம் தொடர்ந்து பிரீமியம் கட்டியிருந்தால், நோயை மறைத்தீர்கள் என்று மறுக்க முடியாது. மோசடியை நிரூபித்தால் மட்டும் விதிவிலக்கு. இது முன்பு 8 ஆண்டாக இருந்தது, 2024இல் குறைத்தார்கள்.

ஆம்புட்ஸ்மேன் உத்தரவைக் கம்பெனி மதிக்குமா?

இருதரப்பும் எழுத்தில் சம்மதித்தால் அவர் முதலில் சமரசம் பேசிப் பரிந்துரை சொல்வார். அது கூடாதபோது, ஆவணங்கள் எல்லாம் வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் தீர்ப்பளிக்க வேண்டும். தீர்ப்பு கம்பெனியைக் கட்டுப்படுத்தும், 30 நாளில் நிறைவேற்ற வேண்டும். தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும் என்று ஒழுங்குமுறை ஆணையம் 2024இல் சொல்லிவிட்டது. தீர்ப்பை எதிர்த்துக் கம்பெனி உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடுவதும் நடக்கிறது, ஆனால் சின்னத் தொகைகளுக்கு அந்த வேலையில் இறங்குவது குறைவு.

நேராக நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால் என்ன தவறு?

தவறு ஒன்றுமில்லை. கிளைம் 50 லட்சத்தைத் தாண்டினாலோ, மன உளைச்சலுக்கும் சேர்த்து நஷ்டஈடு கேட்பதாக இருந்தாலோ அதுதான் சரியான இடம். எந்த ஆணையம் என்பதை நீங்கள் கட்டிய பணம்தான் முடிவு செய்யும், கேட்கும் தொகை அல்ல. இன்சூரன்ஸில் அது பிரீமியம். ஒரு கோடி ரூபாய் பாலிசிக்கு 30 ஆயிரம் பிரீமியம் கட்டியவர் மாவட்ட ஆணையத்திலேயே போடலாம், கட்டணமும் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு ஆணையத்துக்குள்ளேயே சமரசப் பிரிவு இருக்கிறது. முதல் விசாரணையில் பேசி முடிக்க வாய்ப்பு தெரிந்தால் ஆணையமே கேட்கும், 5 நாளுக்குள் இருவரும் சம்மதம் சொல்ல வேண்டும். ஆனால் கம்பெனி மோசடி, போலி ஆவணம் என்று குறிப்பாகவும் தீவிரமாகவும் குற்றம் சாட்டியிருந்தால் அந்த வழக்கு சமரசத்துக்கு அனுப்பத் தக்கதல்ல என்று விதியே சொல்கிறது. கம்பெனி போட்ட பதில் மனுவில் 'மோசடி' என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள்.

வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் நஷ்டஈடு கேட்டு எம்.சி.ஓ.பி. என்கிற மனு போட்டிருக்கிறோம். லோக் அதாலத்தில் முடித்துக்கொள்ளச் சொல்கிறார்கள். போகலாமா?

போகலாம். ஆனால் கணக்குப் போடாமல் போகாதீர்கள்.

தேசிய லோக் அதாலத் வருடத்தில் நான்கு முறை, சனிக்கிழமையில் நடக்கும். அன்றைக்கு மாவட்ட கோர்ட் வளாகத்தில் கால் வைக்க இடமிருக்காது. ஒரு மேஜை, அதன் பின்னால் நீதிபதியும் கூட ஒரு வக்கீலும். பக்கத்தில் கம்பெனி அதிகாரி, கையில் கட்டுக்கட்டாகக் கோப்பு. ஒவ்வொரு கோப்பின் மேலும் பென்சிலில் ஒரு எண் எழுதியிருக்கும். அவருக்கு மேலிடம் கொடுத்த உச்சத் தொகை அது. அவர் வாயைத் திறக்கும்போது வருவது அந்த எண் அல்ல, அதைவிடக் குறைவான ஒன்று. உங்கள் பக்கமும் ஒரு எண் இருக்க வேண்டாமா?

ஒரு கற்பனைக் குடும்பத்துக்குப் போட்டுக் காட்டுகிறேன். பைக்கில் போய் விபத்தில் இறந்தவருக்கு 38 வயது, சொந்தமாக வெல்டிங் பட்டறை, மாத வருமானம் 18,000. மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா. 40 வயதுக்குக் கீழே சுயதொழில் என்பதால் எதிர்கால வளர்ச்சிக்கு 40 சதவீதம் கூட்ட வேண்டும்: 25,200. நம்பியிருப்பவர்கள் நான்கு பேர் என்பதால் அவருடைய சொந்தச் செலவுக்கு கால் பங்கு கழியும்: 18,900. ஆண்டுக்கு 2,26,800. ஆண்டுத் தொகையை வயதுக்கு ஏற்ற ஒரு எண்ணால் பெருக்க வேண்டும், 36 முதல் 40 வயதுக்கு அந்தப் பெருக்கல் எண் 15. மொத்தம் 34,02,000. இதற்கு மேல் ஈமச்சடங்குக்கு 15,000, சொத்து இழப்புக்கு 15,000, உறவை இழந்ததற்கு ஆளுக்கு 40,000. இந்த மூன்றும் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை 10 சதவீதம் ஏறும். ஆக 36 லட்சத்துக்குக் குறையாது. சர்லா வர்மா (2009), பிரணய் சேத்தி (2017) என்ற இரண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளில் இருக்கும் சூத்திரம் இது. எந்த வக்கீலும் ஐந்து நிமிடத்தில் போட்டுத் தருவார்.

இப்போது கம்பெனி பக்கம் உட்காருங்கள். 18,000 வருமானத்துக்குக் காகிதம் எங்கே? 12,000 என்று வைத்தால் 22,68,000. பைக் ஓட்டிய இறந்தவர் பக்கத்திலும் 20 சதவீதம் தவறு இருக்கிறது என்று எஃப்.ஐ.ஆரை வைத்து வாதாடினால் 18 லட்சம் சொச்சம். வழக்கு 18க்கும் 36க்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. 26 லட்சம் தருகிறேன் என்று அதிகாரி சொன்னால் என்ன செய்வது? வருமானத்துக்கு வங்கிக் கணக்கு, ஜி.எஸ்.டி. என்று உறுதியான காகிதம் இருந்தால் நான் எழுந்து வந்துவிடச் சொல்வேன். ஒன்றுமே இல்லை, சாட்சியும் பலவீனம் என்றால் 28 கேட்டு 27க்கு முடிக்கச் சொல்வேன். கோர்ட்டில் ஜெயித்தால் மனு போட்ட நாளிலிருந்து வட்டி வரும் என்பதையும், கம்பெனி மேல்முறையீடு போனால் இன்னும் சில வருடம் ஓடும் என்பதையும் தராசின் இரண்டு தட்டிலும் வையுங்கள். பிள்ளைகளின் பங்கு எப்படியும் அவர்கள் 18 வயது ஆகும்வரை வங்கி டெபாசிட்டில்தான் இருக்கும், உடனே கைக்கு வராது. இதைத் தெரியாமல் 'பணம் அவசரம்' என்று தொகையைக் குறைத்துக்கொள்பவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கும்.

ஓட்டுநருக்கு லைசென்ஸ் இல்லை என்று கம்பெனி சொல்வதைக் கேட்டுப் பயந்து இறங்கிவிடாதீர்கள். பல வழக்குகளில் தீர்ப்பாயம் முதலில் கம்பெனியைப் பணம் கட்டச் சொல்லி, பிறகு வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளச் சொல்கிறது.

லோக் அதாலத்தில் கையெழுத்துப் போட்டபின் மனம் மாறினால்?

மாற்ற முடியாது. அது கோர்ட் டிகிரிக்கு, அதாவது கோர்ட்டின் தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடு இல்லை. கட்டிய கோர்ட் கட்டணம் திரும்ப வரும். ஏமாற்றப்பட்டீர்கள் என்று காட்ட முடிந்தால் உயர் நீதிமன்றத்தில் ரிட் போடலாம், அது குறுகிய வழி. ஆனால் நீங்கள் சம்மதிக்காமல் லோக் அதாலத் தானாக ஒரு தொகையை நிர்ணயிக்கவும் முடியாது. பஞ்சாபிலிருந்து வந்த ஒரு விபத்து வழக்கில் 2008இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. பிடிக்கவில்லை என்றால் 'வேண்டாம்' என்று சொல்லுங்கள், வழக்கு பழைய இடத்துக்கே திரும்பும். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

எம்.சி.ஓ.பி. போடுவதற்கு முன்பே கம்பெனி பணம் தர முன்வந்தால்?

2022 ஏப்ரல் 1 முதல் அப்படி ஒரு ஏற்பாடு சட்டத்திலேயே இருக்கிறது. விபத்துத் தகவல் கிடைத்ததும் கம்பெனி அதற்கென்று ஓர் அதிகாரியை நியமித்து 30 நாளுக்குள் ஒரு தொகை சொல்ல வேண்டும். நீங்கள் ஏற்றால் தீர்ப்பாயம் பதிவு செய்து, அடுத்த 30 நாளில் பணம் வரும். மேலே போட்ட கணக்கை அதற்கும் போட்டுப் பாருங்கள்.

நிரந்தர மக்கள் நீதிமன்றம் என்பது வேறா?

வேறு. பெயர் ஒன்றுபோல இருப்பதால் வக்கீல்களே குழம்புவதுண்டு. மின்சாரம், தண்ணீர், போக்குவரத்துப் போன்ற பொதுப் பயன்பாட்டுச் சேவைகளுக்காக ஏற்பட்டது. அந்தப் பட்டியலில் இன்சூரன்ஸும் இருக்கிறது. ஒரு கோடி ரூபாய் வரை கேட்கலாம். எந்தக் கோர்ட்டுக்கும் போவதற்கு முன் வர வேண்டும். முதலில் சமரசம் பேசுவார்கள், ஒத்துவரவில்லை என்றால் அவர்களே தீர்ப்புச் சொல்லலாம். 2022இல் உச்ச நீதிமன்றம் அந்த அதிகாரத்தை உறுதிசெய்தது.

ஆம்புட்ஸ்மேன் எல்லைக்குள் வராத நடுத்தர நிறுவனங்களுக்கு நான் இதைச் சொல்வதுண்டு. தோற்றால் மேல்முறையீடு கிடையாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுவேன். விசாரிக்க வேண்டிய இடம் உங்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு.

பாலிசியில் ஆர்பிட்ரேஷன் ஷரத்து இருக்கிறதே?

தனிநபர் பொதுக் காப்பீட்டுப் பாலிசிகளில் அது இருக்கக்கூடாது என்று ஒழுங்குமுறை ஆணையம் 2023இல் சொல்லிவிட்டது. பழைய பாலிசிக் காகிதத்தில் அச்சாகி இருக்கலாம், அதைக் கண்டு மலைக்க வேண்டாம். தொழில் பாலிசிகளில் இருதரப்பும் தனியாக ஒப்புக்கொண்டால் மட்டுமே.

பழைய தீ விபத்து, வெள்ளப் பாலிசிகளை வைத்து இன்னும் வழக்குகள் ஓடுகின்றன. அந்த ஷரத்துகள் பெரும்பாலும் 'பொறுப்பை ஒப்புக்கொண்டு, தொகையில் மட்டும் தகராறு இருந்தால்' ஆர்பிட்ரேஷன் என்று சொல்பவை. 2013 பைலின் புயலில் ஒடிசாவில் சேதமான ஒரு ஆலையின் வழக்கில், கம்பெனி பொறுப்பையே மறுத்துவிட்டதால் ஆர்பிட்ரேஷனுக்கு இடமில்லை என்று 2018இல் உச்ச நீதிமன்றம் முடித்துவிட்டது. தொகையா, பொறுப்பா என்று முதலில் கேட்டேனே, அதே கேள்விதான் இங்கேயும்.

எங்கள் மில்லுக்கு 40 லட்சம் தீ விபத்துக் கிளைம். நேராக வழக்குப் போடலாமா?

இன்சூரன்ஸ் வணிகத் தகராறுகளின் பட்டியலில் இருக்கிறது. 3 லட்சமோ அதற்கு மேலோ மதிப்புள்ள வணிக வழக்கு என்றால், அவசர இடைக்கால உத்தரவு தேவைப்பட்டால் ஒழிய, முதலில் சட்டப் பணிகள் ஆணைக்குழு வழியாகச் சமரசத்துக்கு முயல வேண்டும். இது கட்டாயம் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. தவிர்த்துவிட்டுப் போடும் வழக்கு தள்ளுபடியாகும். இந்தச் சமரசத்தில் போகும் நாட்கள் வழக்குப் போடும் காலக்கெடுவில் சேராது.

சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயரின் அறிக்கையை வேதவாக்காக எடுக்காதீர்கள். அது கடைசி வார்த்தை அல்ல என்று 2009லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியாயிற்று. ஸ்டாக் பதிவேடு, வங்கிக்கு மாதாமாதம் கொடுத்த சரக்கு அறிக்கை இரண்டையும் எடுத்துக்கொண்டு சமரசத்துக்குப் போங்கள்.

ஏற்கெனவே சிவில் வழக்குப் போட்டு கட்டணமும் கட்டிவிட்டோம். இப்போது பேசி முடித்தால் அந்தப் பணம்?

திரும்ப வரும். தமிழ்நாட்டில் பணம் கேட்டுப் போடும் வழக்குக்குக் கட்டணம் 3 சதவீதம், அதாவது 20 லட்சத்துக்கு 60,000. கோர்ட் அனுப்பிய சமரசத்தில் முடிந்தால்தான் கிடைக்கும் என்று ஒரு காலத்தில் வாதம் இருந்தது. கோர்ட்டுக்கு வெளியே தாங்களாகவே பேசி முடித்தவர்களுக்கும் உண்டு என்று 2021இல் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. சென்னை உயர் நீதிமன்றமே மேல்முறையீடு செய்த வழக்கு அது. நாட்டிலேயே கோர்ட்டோடு இணைந்த முதல் சமரச மையம் தொடங்கியதும் இதே சென்னை உயர் நீதிமன்றத்தில்தான், 2005இல்.

சமரசத்தில் நான் சொன்னதைப் பிறகு கோர்ட்டில் எனக்கு எதிராகக் காட்டுவார்களா?

காட்ட முடியாது. அங்கே பேசியது ரகசியம். '25க்கு இறங்கி வந்தாரே' என்று கோர்ட்டில் சொல்ல அவர்களுக்கு உரிமை இல்லை.

'முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன்' என்று டிஸ்சார்ஜ் வவுச்சரில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். முடிந்ததா?

பெரும்பாலும் முடிந்த மாதிரிதான், ஆனால் முழுக்க அல்ல. கட்டாயத்தாலோ ஏமாற்றியோ வாங்கிய கையெழுத்து என்று காட்ட முடிந்தால் வழக்குத் தாங்கும். அதற்கு அடையாளம் வேண்டும். பணம் வந்த அடுத்த நாளே 'வேறு வழியில்லாமல் கையெழுத்துப் போட்டேன், பாக்கித் தொகைக்கு என் உரிமையை விடவில்லை' என்று ஒரு மெயில் போயிருந்தால் அது பேசும். ஆறு மாதம் கழித்துத் தோன்றும் கட்டாயத்தை யாரும் நம்புவதில்லை.

பேசி முடிப்பதே வேண்டாம் என்று எப்போது சொல்வீர்கள்?

மோசடிக்காரர் என்ற பெயரைத் துடைக்க வேண்டியிருக்கும்போது. ஒரே ஷரத்தைக் காட்டி ஊரில் பலருக்கும் மறுத்திருக்கிறார்கள், ஒரு தீர்ப்பு வந்தால் எல்லோருக்கும் வழி பிறக்கும் என்னும்போது. ஆயுள் பாலிசி 3 ஆண்டைத் தாண்டியும் மறுத்திருந்தால் பாதித் தொகைக்கு ஏன் சம்மதிக்க வேண்டும்?

காலக்கெடுக்களைச் சேர்த்துச் சொல்லுங்களேன்.

ஆம்புட்ஸ்மேனுக்கு ஓராண்டு, நுகர்வோர் ஆணையத்துக்கு 2 ஆண்டு, விபத்து வழக்குக்கு 6 மாதம். அந்த 6 மாதத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றம்வரை வழக்குகள் போயிருக்கின்றன, அதை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். ஆம்புட்ஸ்மேனிடம் காத்திருந்த நாட்களை நுகர்வோர் ஆணையம் கழித்துக்கொடுக்கும் என்றும் எண்ண வேண்டாம். மறுப்புக் கடிதம் வந்த உறையைக் கிழித்துப் போடாமல், தபால் முத்திரைத் தேதியோடு கோப்பில் வையுங்கள். மெயிலில் வந்திருந்தால் அன்றைக்கே பிரின்ட் எடுத்துவிடுங்கள்.